ஹாஸ்டல் அறையில் தஞ்சாவூர் ஓவியம்: எங்கே கோட்டை விடுகிறோம்?

வெளியூரில் தங்கிப் படிக்கும்போது தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருடைய முதல் படம் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் பாதியிலேயே கிடக்கும். கை வராததால் நின்றது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பிரச்சினை கையில் இருக்காது. இந்த வேலையில் வரைகிற நேரத்தைவிடக் காய வைக்கிற நேரம் அதிகம். அதைக் கணக்கில் வைக்காமல் இறங்குவதால்தான் இவ்வளவு பாடும்.

முதல் சறுக்கல் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதில். ‘இரண்டே நாளில் தஞ்சாவூர் ஓவியம்’ என்கிற வகை வகுப்புகளில் பலகை தயாராக இருக்கும், கோட்டோவியமும் போட்டே இருக்கும். கல் ஒட்டி, தங்கத் தாள் ஒட்டி, வண்ணம் அடித்து ஒரு படத்தோடு திரும்பலாம். அடுத்த படத்தைத் தனியாகத் தொடங்கத்தான் தெரியாது. பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பலகையை நானே தயார் செய்வேனா? நகை, தூண் எல்லாம் மேடாக எழப் பூசும் பசைக் கலவையான மக்கை நானே குழைப்பேனா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் வேறு இடம் பாருங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ படிக்கிறீர்கள் என்றால் கொடுத்து வைத்தவர்கள். பட்டறையிலேயே போய்ப் பார்க்கலாம்.

அடுத்தது அளவு. மண்டபம், திரைச்சீலை, தோழிகள் என்று முழு அலங்காரத்தோடு வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனை எடுத்தவுடனே தொடங்குவது வேண்டாம். எட்டுக்குப் பத்து அங்குலப் பலகை, ஒரே உருவம் போதும். பிள்ளையார் நல்ல தொடக்கம். பக்தியைவிட வசதிக்காகச் சொல்கிறேன்: முகத்தின் அளவு கொஞ்சம் பிசகினாலும் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பலகையில்தான் அதிகமாகக் கோட்டை விடுகிறார்கள். பழைய படங்கள் பலா மரப் பலகையில் செய்யப்பட்டவை. இப்போது பெரும்பாலும் ப்ளைவுட். காசு மிச்சம் என்று அட்டையையோ மெல்லிய ப்ளைவுட்டையோ எடுத்தால், ஈரப் பூச்சு பட்டதும் வளைந்துவிடும். பலகையின் மேல் பருத்தித் துணியை ஒட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவ வேண்டும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழி நிற்கும். அதன் மேல் சாக் பவுடரும் பசையும் கலந்த பூச்சு. பொறுமை இல்லாதவர்கள் இதை ஒரே தடிமனான பூச்சாக அடித்து, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். மேல்பரப்பு காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும். உள்ளே இருப்பது காய்ந்து சுருங்கும்போது முடி அளவுக்கு வெடிப்பு விடும். அன்றைக்கே கண்ணில் படாது. வண்ணம் அடித்த பிறகுதான் தெரியும். வெயிலில் வைத்தால் பலகையே முறுக்கிக்கொள்ளும். மெல்லிய பூச்சாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது, அதுவும் நிழலில். அப்புறம் உப்புத்தாளால் தேய்ப்பது. அந்த வெள்ளைத் தூசி அறைத் தோழரின் மெத்தை வரைக்கும் போகும். மொட்டை மாடிக்குப் போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேயுங்கள்.

கோடு போட்டு, கல் ஒட்டிய பிறகு மக்கு வேலை. நகை, கிரீடம், தூண் எல்லாம் மேடாக எழுவது இதனால்தான். தூரிகையில் எடுத்தால் சொட்டக் கூடாது, இழுத்தால் கோடு அறுபடாமல் வர வேண்டும். அதுதான் பதம். பசை குறைந்தால் காய்ந்ததும் பொடியாக உதிரும். தண்ணீர் கூடினால் மேடு படுத்துவிடும். ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் குழைத்து வைக்க வேண்டாம், இறுகிப்போகும். அன்றைய சாயங்காலத்துக்கு வேண்டியது மட்டும் போதும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, இருப்பதிலேயே தடிமனான இடத்தில் நகத்தால் மெதுவாக அழுத்துங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். ஈரத்தின் மேல் தங்கத் தாளை ஒட்டினால் பின்னால் சுருங்கும், ஓரம் கிளம்பும்.

தங்கத் தாளில் எல்லாமே தங்கம் என்று நம்பி ஏமாற வேண்டாம். பழகுவதற்குப் போலித் தாள் தாராளமாகப் போதும். ஆனால் மற்ற உலோகங்களால் ஆனது நாளடைவில் கறுக்கும். அம்மாவுக்குக் கொடுக்கப்போகும் படத்தில் அது வேண்டாம். வேலை செய்யும்போது விசிறியை நிறுத்திவிடுங்கள், கை வியர்வையையும் துடைத்துக்கொள்ளுங்கள். தாளை வைத்ததும் பஞ்சால் ஒற்றி, தூரிகையின் பின்முனையால் பள்ளங்களில் அழுத்தினால்தான் மக்கின் வேலைப்பாடு எழுந்து தெரியும். வெட்டி விழும் துணுக்குகளை எறிந்துவிடாதீர்கள், விட்டுப்போன இடங்களை அடைக்க உதவும்.

வண்ணத்தில் பெரிய சிக்கல் வராது. முகத்தை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்லும் தங்கமும் கூடக் கூட அழகு என்று நினைப்பவர்கள் ஒரு முறை தஞ்சை அரண்மனை வளாகத்திலோ எழும்பூர் அருங்காட்சியகத்திலோ பழைய படங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். தங்கம் எங்கே நிற்கிறது, எங்கே வெறும் வண்ணம் பேசுகிறது என்று அங்கே புரியும்.

தேர்வு வந்தால்? எந்தக் கட்டத்திலும் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். பூச்சு தேய்த்து முடித்த பலகையும் மக்கு காய்ந்த பலகையும் துணி போர்த்தி வைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கும். தங்கத் தாளைப் பாதி ஒட்டிய படம் காத்திருக்காது. தூசி ஏறும், கை படும். அதனால் அந்தக் கட்டத்தை விடுமுறையின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு எடுத்துப் போகும்போது செய்தித்தாளில் சுற்றுவது இன்னொரு தவறு. மை ஒட்டும். பட்டர் பேப்பர் மேலே, இரண்டு பக்கமும் தடித்த அட்டை, பஸ்ஸில் மடிமேல். கண்ணாடிச் சட்டம் ஊரில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.