பகிர்வு அலுவலகம் எடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சென்னையில் தனி அலுவலகம் பிடிப்பதென்றால் முதலில் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொட்ட வேண்டும். பிறகு ஏசி, மேசை, நாற்காலி, இன்டர்நெட் என்று செலவு நீளும். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள நிறுவனங்கள் கிண்டி, தரமணி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் பகிர்வு அலுவலகங்களை, அதாவது பல நிறுவனங்கள் ஒரே இடத்தில் மாதக் கட்டணத்துக்கு மேசை எடுத்துக்கொள்ளும் கோ-வொர்க்கிங் இடங்களை, தேடுவதில் வியப்பில்லை. இந்தத் தொழிலில் உள்ள ஆவ்ஃபிஸ் நிறுவனம் 2024 மே மாதம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. ஆனால் இடம் தேடுபவர்களில் பலர் சீட் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு சீட் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு சீட்டுக்கு 28,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,040 சேர்ந்தால் மாதம் 33,040. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இந்த வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் பொதுவாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவர்களுக்கு அது கைவிட்டுப் போகும் பணம். சந்திப்பு அறை மாதத்துக்கு எத்தனை மணி நேரம் இலவசம், பைக் நிறுத்தக் கட்டணம் உண்டா, மாலை ஏழு மணிக்குமேல் ஏசி ஓடுமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவில் வேலை செய்பவர்களுக்கு அந்த ஏசி கேள்விதான் முக்கியம்.

ஒப்பந்தத்தில் 'லாக்-இன்' என்று ஒரு நிபந்தனை இருக்கும். குறிப்பிட்ட காலம் முடியும்வரை காலி செய்யக் கூடாது என்பதுதான் அது. ஆறு மாத லாக்-இன்னில் மூன்றாம் மாதமே கிளம்பினால், மீதி மூன்று மாதக் கட்டணத்தையும் கேட்பார்கள். "எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம் சார்" என்று விற்பனையாளர் வாயால் சொன்னது அப்போது உதவாது.

பலர் கோட்டை விடுவது முகவரி விஷயத்தில். ஜிஎஸ்டி பதிவுக்கு ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, இடத்தைப் பயன்படுத்தச் சம்மதக் கடிதம் ஆகியவை தேவைப்படும். உங்களுக்கு இடம் தருபவரே பெரும்பாலும் அந்தக் கட்டடத்தில் வாடகைதாரர்தான். அவர் மற்றவர்களுக்கு இடம் விட உரிமையாளர் அனுமதித்திருக்கிறாரா என்று கேட்டு, அந்தத் தாளின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். முகவரியை மட்டும் மலிவாகத் தரும் திட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும். அதிகாரி நேரில் சரிபார்க்க வரும்போது வரவேற்பில் இருப்பவருக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரே தெரியாவிட்டால் விண்ணப்பம் சிக்கலாகும். ஜிஎஸ்டி எண்ணுடன் பெயர்ப்பலகை வைப்பது விதி. அதற்கு இடம் தருவார்களா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

இடம் தருபவரே தடுமாறினால்? பகிர்வு அலுவலகத் தொழிலில் உள்ள வீவொர்க் நிறுவனம் 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது. அதன் இந்தியத் தொழில் தனி என்பதால் இங்கே பாதிப்பில்லை. ஆனால் நீண்ட காலக் குத்தகையை ஏற்றுக்கொண்டு, மாதக் கணக்கில் சீட் விற்கும் தொழிலின் ஆபத்து அதில் பளிச்சென்று தெரிந்தது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம்தான், வாடகைதாரர் உரிமை அல்ல. முன்பணத்தைக் குறைத்துப் பேசுவது கஞ்சத்தனம் ஆகாது.

இடத்தைச் சனிக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். அன்று எந்த அலுவலகமும் அமைதியாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய், உங்களுக்குத் தரப்போகும் அதே மேசையில் உட்கார்ந்து, உங்கள் லேப்டாப்பில் ஒரு வீடியோ அழைப்பு பேசிப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் பேசுவது முழுவதும் உங்களுக்குக் கேட்டால், நீங்கள் பேசுவதும் அவருக்குக் கேட்கும். ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் திறந்த கூடத்தில் உட்காராமல் கேபின் எடுப்பதே நல்லது. மழைக்காலத்தில் வாசலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதைக் காவலாளியிடம் கேளுங்கள், விற்பனையாளரிடம் வேண்டாம்.

காலி செய்யும்போது முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும், எதற்கெல்லாம் பிடித்துக்கொள்வார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முகவரி மாறிய 15 நாட்களுக்குள் ஜிஎஸ்டி பதிவிலும் அதைத் திருத்த வேண்டும். அதனால் புதிய இடத்தின் ஆவணங்கள் கைக்கு வந்தபிறகே பழைய இடத்துக்கு நோட்டீஸ் கொடுங்கள்.