கரண்ட் போகும் வீட்டில் ராஸ்பெரி பை: பழைய ரிவி கேம்களுக்கான செய்முறை

ராஸ்பெரி பை என்ற சின்னக் கொம்பியூட்டர் போர்ட்டில் (இனி ‘பை’) பழைய ரிவி கேம்களை ஓட வைக்கும் மென்பொருள் வேலை சின்னது, ஒரு பின்னேரம் போதும். யாழ்ப்பாணத்தில் ஆளை அலைக்கழிப்பவை கரண்டும் வெக்கையும்தான். கேம் இடையில் உறைந்து நிற்கிறது, கொன்ட்ரோலர் விட்டு விட்டு வேலை செய்கிறது, மெமரி கார்ட் பழுதாகிவிட்டது என்றெல்லாம் சொல்பவர்கள் எமுலேட்டரை, அதாவது பழைய கேம் கொன்சோலைப் போல நடிக்கும் மென்பொருளை, குறை சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது சாஜரை.

என்ன வாங்குவது

ராஸ்பெரி பை 4, 2 ஜிபி மொடல் போதும். 8 ஜிபிக்குக் காசு கொட்டினாலும் கேம் வேகமாக ஓடாது. பை 5 புதியது, வேகமானது. ஆனால் இங்கே பைக்குள் போடப்போகும் ரெட்ரோபை 4.8 (எமுலேட்டர்கள் எல்லாம் சேர்ந்த ஓஎஸ்) 2022 இல் வந்தது. பை 5க்கு அது பொருந்தாது. கையில் பை 5 இருந்தால் பட்டோசெரா என்ற இதேபோன்ற ஓஎஸ்ஸைப் போடுங்கள், அதன் மெனுக்கள் வேறு மாதிரி இருக்கும். யாழ் நகரில் போர்ட் கிடைக்காவிட்டால் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் விசாரித்து எடுப்பிக்கலாம்.

மற்றவை: 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்ட் (மேலே ஏ1 என்ற வேகத் தரக் குறி இருக்க வேண்டும்), மைக்ரோ எச்டிஎம்ஐ முனை உள்ள கேபிள், யூஎஸ்பி கொன்ட்ரோலர், ஃபேன் உள்ள கேஸ், ஒரு பென் டிரைவ்.

சாஜரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர் தேவை. போனுக்கு வந்த 33 வாட் சாஜர் தாராளம் என்று நினைக்காதீர்கள். அந்த 33 வாட் 9 வோல்ட்டிலோ 11 வோல்ட்டிலோ வருவது. பை அதைக் கேட்டு வாங்காது, 5 வோல்ட்டை மட்டும்தான் எடுக்கும். சாஜரின் முதுகில் உள்ள சின்ன எழுத்தில் 5 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 2 என்று இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்லிய, நீளமான கேபிளும் வோல்ட்டைக் குடிக்கும். பைக்கென்றே விற்கும் சாஜர் 5.1 வோல்ட் தருவது இந்த இழப்பை ஈடுகட்டத்தான். வோல்ட் 4.63க்குக் கீழே இறங்கினால் திரை மூலையில் மஞ்சள் மின்னல் அடையாளம் வரும். அது வந்தால் வேறு எதையும் நோண்டாமல் சாஜரையும் கேபிளையும் மாற்றுங்கள்.

1. கார்டில் எழுதுதல்

கார்ட் அசல்தானா என்று முதலில் பாருங்கள். 64 ஜிபி என்று எழுதி உள்ளே 8 ஜிபி மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டை முழுதாக எழுதி வாசித்துச் சொல்லிவிடும்.

அடுத்து ராஸ்பெரி பை இமேஜரை நிறுவித் திறவுங்கள். கருவியாக பை 4ஐயும், ஓஎஸ் பட்டியலில் எமுலேஷன் பகுதிக்குள் ரெட்ரோபையின் பை 4/400 பதிப்பையும் தெரிந்து எழுதக் கொடுங்கள். முடிந்தபின் கார்டைக் கழற்றி மீண்டும் போட்டால் “ஃபோர்மட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று மூடுங்கள். கார்டில் இருப்பது லினக்ஸ் பகுதி, விண்டோஸுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆம் என்று அழுத்தினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

2. முதல் தடவை போடுதல்

எச்டிஎம்ஐ கேபிளை சாஜர் துளைக்குப் பக்கத்தில் உள்ள எச்டிஎம்ஐ துளையில் செருகுங்கள். மற்றதில் செருகிவிட்டு படம் வரவில்லை என்று தேடுபவர்கள் அதிகம். ரிவியை முதலில் போட்டுவிட்டுப் பிறகு பைக்குக் கரண்ட் கொடுங்கள்.

ஃபேன் வயரைத் தனியாகச் செருக வேண்டியிருந்தால் சிவப்பு 4ஆம் பின்னுக்கு, கறுப்பு 6ஆம் பின்னுக்கு. பக்கத்துப் பின்களில் பல 3.3 வோல்ட் மட்டும் தாங்குபவை. அங்கே 5 வோல்ட் பட்டால் போர்ட் எரியும். ஃபேன் ஆடம்பரம் இல்லை: சிப் 80 பாகையைத் தொட்டதும் பை தன் வேகத்தைத் தானே குறைக்கும், திரையில் தெர்மாமீட்டர் படம் வரும். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மூடிய ரிவி மேசைக்குள் வைத்தால் அந்தப் படத்தைப் பார்க்க அதிக நேரம் எடுக்காது.

3. கொன்ட்ரோலர்

திரை கேட்டதும் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திப் பிடியுங்கள், பட்டியல் வரும். உங்கள் கொன்ட்ரோலரில் இல்லாத பட்டன் கேட்கப்பட்டால் வேறொன்றை இரண்டு மூன்று வினாடி பிடிக்க அது தாண்டிப் போகும். ஏ, பி எழுத்துகளைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள்: வலப்பக்கம் இருப்பது ஏ, கீழே இருப்பது பி. கடைசியில் ஹொட்கீ (மற்றப் பட்டன்களுடன் சேர்த்து அழுத்தும் கட்டளைப் பட்டன்) கேட்கும்போது செலக்டைக் கொடுங்கள். இனிக் கேமில் இருந்து வெளியேற செலக்டும் ஸ்டார்ட்டும் சேர்த்து அழுத்த வேண்டும்.

4. கேம்களை ஏற்றுதல்

இந்த இடத்தில் திரையில் ஒரு கொன்சோலும் தெரியாது. பழுதில்லை; கேம் உள்ள கொன்சோலை மட்டுமே அது காட்டும்.

பென் டிரைவை எஃப்ஏடி32 ஆக ஃபோர்மட் செய்து, ரெட்ரோபை (retropie) என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பையில் செருகி, விளக்குச் சிமிட்டல் நிற்கும்வரை காத்திருந்து கழற்றுங்கள். கொம்பியூட்டரில் திறந்தால் உள்ளே கொன்சோல் வாரியாக ஃபோல்டர்கள் இருக்கும். அந்தந்தக் கேமை அந்தந்த இடத்தில் வைத்து மறுபடி பையில் செருகுங்கள். கொப்பி முடிந்ததும் ஸ்டார்ட் மெனுவில் எமுலேஷன்ஸ்டேஷனை (ரெட்ரோபையின் மெனுத் திரை) ரீஸ்டார்ட் செய்தால் தெரியும்.

பதிப்புரிமையைக் காக்கும், இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்தப் பழைய கேம்களுக்கும் பொருந்தும். சும்மா விளையாடிப் பார்க்க இலவசமானவையே உண்டு: ரெட்ரோபை செட்டப்பில் எல்ஆர்-பிஆர்பூம் என்ற மென்பொருளைப் போட்டால் டூம் கேமின் ஷெயர்வெயார் (இலவசமாகப் பகிரக்கூடிய) பகுதி கூடவே வரும், எல்ஆர்-என்எக்ஸ்எஞ்சினைப் போட்டால் கேவ் ஸ்டோரி கேம். இவற்றுக்கு இணையம் வேண்டும். வைஃபை பிடிக்காவிட்டால் ரெட்ரோபை மெனுவில் உள்ள ராஸ்பி-கொன்ஃபிக்கில் நாட்டை இலங்கை என்று வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

பிளேஸ்டேஷன் 1 வரை பை 4 நன்றாக ஓட்டும். நிண்டெண்டோ 64 கேமுக்குக் கேம் மாறும். பிளேஸ்டேஷன் 2ஐ மறந்துவிடுங்கள்.

5. கரண்ட் போனால்

கேமுக்குள் நீங்கள் சேவ் செய்தாலும் அது உடனே கார்டில் எழுதப்படுவதில்லை. ஒழுங்காக வெளியேறும்போதுதான் எழுதப்படும். இரண்டு மணித்தியாலம் விளையாடி, நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் போய்விடும். ரெட்ரோபை மெனுவில், பல எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்ச்சைத் திறந்து, செட்டிங்ஸ், சேவிங் போய், சேவ்ராம் ஓட்டோசேவ் இடைவெளியை 60 வினாடியாக்குங்கள். பிறகு கொன்ஃபிகரேஷன் பைல் மெனுவில் சேவ் செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் மாற்றம் நிற்காது. அவசரத்துக்கு, செலக்டுடன் வலத் தோள் பட்டனை அழுத்தினால் அந்த நிலையே அப்படியே சேவ் ஆகும், இடத் தோள் பட்டன் அதைத் திரும்பக் கொண்டுவரும்.

பவர் பாங்கை யூபிஎஸ் மாதிரிப் பாவிக்கலாமா? பலவற்றில் கரண்ட் மாறும் நொடியில் வெளியீடு ஒருதரம் அறுந்து வரும், பை ரீஸ்டார்ட் ஆகிவிடும். ரவுட்டருக்கு விற்கும் மினி யூபிஎஸ்ஸிலும் 5 வோல்ட் துளைக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்தே வாங்குங்கள். யூபிஎஸ் பைக்கு மட்டும் இருந்தால் ரிவி இருண்டுவிடும். அப்போதும் செலக்ட், ஸ்டார்ட் வேலை செய்யும். கேமை விட்டு வெளியேறியபின் வயரைப் பிடுங்கினால் ஆபத்துக் குறைவு.

எல்லாம் சரியாக ஓடும் நாளில், ஸ்டார்ட் மெனு வழியாக பையை நிறுத்திவிட்டு, வின்32 டிஸ்க் இமேஜரால் கார்டை கொம்பியூட்டரில் பிரதி எடுத்து வையுங்கள். 32 ஜிபி கார்ட்டின் பிரதி அதே அளவு இடம் பிடிக்கும். மாற்றுக் கார்டை அதே கொம்பனியில் வாங்குங்கள். 32 ஜிபி என்று போட்டிருந்தாலும் சில மெகாபைட் குறைந்த கார்டில் அந்தப் பிரதி ஏறாது.