பிள்ளைக்கு மனச்சோர்வு மாத்திரை: முதல் வாரங்களில் கவனிக்க வேண்டியவை

டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது ஃப்ளூவாக்ஸெட்டின். மனச்சோர்வுக்கு இதை 8 வயது முதல் தரலாம். வழக்கமான தொடக்க அளவு தினம் 10 மி.கி. காலையில் கொடுங்கள், இரவில் கொடுத்தால் சிலருக்குத் தூக்கம் கெடும். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். பத்தே நாளில் "கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். கூடவே மனநல ஆலோசனையும் நடக்கட்டும். மாத்திரை மட்டும் போதாது.

முதல் நான்கு வாரமும், அளவு மாறும் நாட்களும்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய காலம். சிலருக்கு இப்போது தற்கொலை எண்ணம் கூடலாம். 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே கடும் எச்சரிக்கை விடுத்தது: ஆய்வுகளில் மனச்சோர்வு மருந்துகள் எடுத்த பிள்ளைகளில் சுமார் 4 சதவீதம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேருக்கு அந்த எண்ணமோ செயலோ இருந்தது. அவற்றில் உயிரிழப்பு இல்லை.

உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருப்பது, தூங்காமலே துறுதுறுப்பது, காரணமின்றிச் சீறுவது: எதைக் கண்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால், தனியே விடாமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். ஒரு வேளை மாத்திரை தவறினால் அடுத்த முறை இரட்டிப்பாகத் தரக்கூடாது. குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம்.