முயல் துப்பாக்கிக்கு ஒலியடக்கி மாட்டும் முன் வெறுங்குழலில் சுட்டுப் பாருங்கள்

நியூசிலாந்தின் தென் தீவில், குறிப்பாக நடு ஒட்டாகோவின் பழத்தோட்டங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் வேலைக்கு வந்து சேரும் நம்மவர்களிடம், முயல் சுட வருமா என்று முதலாளி சாதாரணமாகக் கேட்பார். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சி வளர்ந்தவர்களும், தேர்தல் அறிவித்தவுடன் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்துக்குப் போவதைப் பார்த்தவர்களும் இதைக் கேட்டுத் திகைப்பது இயல்பே. இங்கே முயல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பெருகிய பிராணி. பத்து முயல்கள் ஓர் ஆட்டின் புல்லைத் தின்றுவிடும் என்பது பண்ணைக்காரர்களின் கணக்கு. 1997-இல் முயல்களைக் கொல்லும் கலிசி வைரஸைச் சிலர் சட்டத்தை மீறி நாட்டுக்குள் கொண்டுவந்து பரப்பும் அளவுக்கு அவர்களுக்கு ஆத்திரம் இருந்தது.

துப்பாக்கி உரிமம் பெறும் வழியில் சிக்கல் அதிகமில்லை. விண்ணப்பம், பாதுகாப்புப் பயிற்சி, நேர்காணல், வீட்டில் துப்பாக்கி வைக்கும் பெட்டகத்தின் சோதனை ஆகியவற்றைப் பொறுமையாக முடியுங்கள். வாங்கிய துப்பாக்கியை 2023-இல் தொடங்கிய பதிவேட்டில் சேருங்கள். தோட்டா வாங்கவும் உரிமம் காட்ட வேண்டும். கிறைஸ்ட்சர்ச் மசூதிப் படுகொலைக்குப் பின் 2019-இல் சட்டம் இறுகி, பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடை வந்ததால், ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைபிளையே தேர்ந்தெடுப்பது நல்லது. வெடிச்சத்தத்தைக் குறைக்கக் குழல்முனையில் திருகி மாட்டும் ஒலியடக்கிக்கு மட்டும் தனி உரிமம் எதுவும் தேவையில்லை; கடையில் பணம் கொடுத்தால் கையில் தந்துவிடுவார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் அந்த எளிமையில்தான் ஏமாந்தார். அவர் வாங்கிய புதிய .223 அளவு ரைபிளின் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுழல்வரி பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் வெட்டப்பட்டிருந்தது. அது 40 முதல் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) வரையிலான இலகுவான குண்டுகளுக்கு ஏற்றது. தள்ளுபடி விலை என்று சொல்லிக் கடைக்காரர் அவரிடம் விற்றதோ 75 கிரெய்ன் எடையுள்ள நீளமான குண்டு கொண்ட தோட்டாக்கள். ஒலியடக்கியையும் அங்கேயே திருகி மாட்டிக் கொடுத்து அனுப்பினார். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும். அது கிடைக்காவிட்டால், வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவதைப் போலக் குண்டு தள்ளாடிக்கொண்டு வெளியேறும். வெறுங்குழலாக இருந்திருந்தால் இலக்குத் தாளில் நீள்துளை விழுந்ததோடு போயிருக்கும். ஒலியடக்கிக்குள்ளோ குண்டுக்கும் தடுப்புத் தட்டுகளுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளிதான் உண்டு. தட்டுகள் கிழிந்தன, முன்மூடி பிளந்தது. கேட்கப் போனால், பொருத்தமில்லாத தோட்டாவால் நேர்ந்த சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று, அந்தத் தோட்டாவை விற்ற அதே வாய் சொல்லிற்று. எங்கள் ஊர்க் குளக்கரையில் நாட்டுத்துப்பாக்கியோடு வரும் நரிக்குறவர், எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு ரவை என்று உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பதைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். அந்தக் கவனத்தில் பாதியை இந்தக் கடையில் நான் காணவில்லை.

ஆகவே ரைபிளை முதலில் வெறுங்குழலிலேயே சோதியுங்கள். குழலின் மேல் பொறித்திருக்கும் அல்லது கையேட்டில் உள்ள சுழல்வரி அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற எடையில் இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களை வாங்குங்கள். ஸ்கோப்பின் திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். நில உரிமையாளரின் அனுமதியோடு, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில், மணல்பை மீது ரைபிளை வைத்து, முதலில் 25 மீட்டரிலும் பிறகு 100 மீட்டரிலும் சுடுங்கள். மூன்று துளைகள் நெருங்கி விழுந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம், அது தற்செயலாகவும் அமையும். ஐந்தைந்தாகச் சுட்டு, இடையில் குழலை ஆறவிட்டு, துளைகள் வட்டமாக இருக்கின்றனவா என்று உற்றுப் பாருங்கள். ஒரு துளை நீண்டிருந்தாலும் அந்தத் தோட்டாவை ஒலியடக்கியோடு பயன்படுத்தக் கூடாது. தாள்களில் தேதியையும் தோட்டா வகையையும் எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் குறி சிதறும்போது குற்றம் குழலிலா ஒலியடக்கியிலா என்று பிரித்தறிய முடியும். கடையில் வாதாடவும் அதுவே ஆதாரம்.

அதன் பிறகு ஒலியடக்கியைத் திருகும் குழல்முனை மரையைப் பாருங்கள். அரை அங்குல மரையிலேயே அங்குலத்துக்கு 20 சுற்று உள்ளதும் 28 சுற்று உள்ளதும் இருக்கின்றன. பலத்தைக் காட்டித் திருகினால் மரை கெட்டு ஒலியடக்கி கோணலாக நிற்கும். துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழலின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் குழலின் துளையும் ஒலியடக்கியின் துளையும் ஒரே மையத்தில் தெரிய வேண்டும்; குழலுக்குள் விட்டு நேர்பார்க்கும் கம்பி கிடைத்தால் இன்னும் நல்லது. குழல்முனையில் எடை கூடியதால் குண்டு விழும் இடம் மாறும் என்பதால், குறியை மறுபடியும் சரிசெய்ய வேண்டும். குண்டு ஒலியைவிட விரைந்து செல்வதால் அது காற்றைக் கிழிக்கும் சத்தம் ஒலியடக்கியால் அடங்காது, காதுக்காப்பைக் கழற்றாதீர்கள். வீடு திரும்பியதும் ஒலியடக்கியைக் கழற்றித் தனியே உலர விடுங்கள், ஏனெனில் உள்ளே தங்கும் ஈரம் ஒரே குளிர்காலத்தில் குழல்முனை மரையைத் துருப்பிடிக்கச் செய்துவிடும்.