தொன்மையான நகரைக் காக்கப் பொது நிதி பெறும் முறை

பழமையான நகரொன்றைக் காக்க முன்வரும் நகராட்சியோ குடியிருப்போர் சங்கமோ பெரும்பாலும் முதலில் தேடுவது மானிய விண்ணப்பப் படிவத்தைத்தான். அதற்கு முன்பே கட்டடப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துவிட வேண்டும். அது இல்லாத விண்ணப்பம், எவ்வளவு உருக்கமாக எழுதப்பட்டிருந்தாலும், பரிசீலனையில் நிற்பது கடினம்.

ஒவ்வொரு கட்டடத்துக்கும் உரிமையாளர், சட்டப் பாதுகாப்பு, கூரை, வடிகால், சுவர், மரவேலை ஆகியவற்றின் நிலையைத் தனித்தாளில் பதிவு செய்யுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, அதன்மேல் தேதியை எழுதிவையுங்கள். சில மாதங்கள் கழித்து அது உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று பொருள்; உடையாமலிருந்தால், அடித்தளத்துக்கென ஒதுக்க நினைத்த பெருந்தொகை ஒருவேளை தேவைப்படாமலே போகலாம். முன்னுரிமை வரிசையில் மழைநீரைத் தடுக்கும் வேலைகளே முதலில் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூரை ஒழுகும்போது முகப்புக்கு வண்ணம் பூசக் கேட்பது பொதுப்பணத்தை வீணாக்குவதாகும்.

அடுத்து, எந்த நிதிக்கு யார் விண்ணப்பிக்கலாம் என்று பாருங்கள். யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உலகப் பாரம்பரிய உடன்படிக்கையின் கீழ் அமைந்த உலகப் பாரம்பரிய நிதியத்திடம் உறுப்பு நாடுகளே உதவி கோர முடியும் என்பதால், நகரம் தன் அரசின் வழியாகவே அணுக வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசின் வரலாற்றுப் பாதுகாப்பு நிதியிலிருந்து ஒவ்வொரு மாநிலமும் பெறும் தொகையில் குறைந்தது 10 சதவீதம், வரலாற்றுப் பாதுகாப்புக்கெனச் சான்று பெற்ற உள்ளாட்சிகளுக்குச் செல்ல வேண்டும். வருமானம் ஈட்டும் வரலாற்றுக் கட்டடத்தை விதிப்படி புதுப்பிக்கும் உரிமையாளருக்கோ, தகுதியுள்ள செலவில் 20 சதவீதம் வரிச்சலுகையாகக் கிடைக்கிறது. ஆகவே தெருவும் வடிகாலும் நகராட்சியின் மானியக் கோரிக்கையிலும், தனியார் வீடுகள் வரிச்சலுகையிலும் இடம்பெறும்படி திட்டத்தைப் பிரிக்கலாம்.

பணம் வரும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மானியங்கள் பெரும்பாலும் செலவின் ஒரு பகுதியையே ஏற்கின்றன. அதையும் வேலை முடிந்து ரசீதுகளைச் சமர்ப்பித்த பின்னரே தருவதுண்டு. எனவே உங்கள் பங்குத்தொகைக்கும், மானியம் கைக்கு வரும்வரை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கும் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலை விண்ணப்பத்துடன் இணையுங்கள்.

ஒப்பந்தப்புள்ளி கோரும்போது பொருளையும் கைவேலையையும் விரிவாகக் குறிப்பிடுங்கள். குறைந்த விலை மட்டுமே அளவுகோலானால் சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூச்சு வந்துவிடும்; அது ஈரத்தை உள்ளேயே அடைத்து, பழைய செங்கல்லை உதிரச் செய்யும். சுண்ணாம்புச் சாந்து, அதன் கலவை விகிதம், முதலில் சிறு பரப்பில் பூசிக் காட்ட வேண்டிய மாதிரி ஆகிய மூன்றையும் நிபந்தனையாக்குங்கள்.

கையெழுத்திடும் முன், குறிப்பிட்ட காலம்வரை கட்டடத்தை மாற்றக்கூடாது, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை உரிமையாளர்களுக்குப் படித்துக்காட்டி, அவர்களது எழுத்துப்பூர்வ ஒப்புதலைப் பெறுங்கள். ஆண்டுதோறும் வடிகால்களைச் சுத்தம் செய்யவும் ஓடுகளை மாற்றவும் ஆகும் தொகையை நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பின்கீழ் சேர்த்துவிடுங்கள்.