மாமாவின் கசெட்டை லெப்டொப்பில் ஏற்றுவது எப்படி: சலங்கை தொலையாமல்

சனிக்கிழமை இரவு எட்டு மணி ஆனால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: "இப்ப என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீங்க?" தனிப்பாட்டு சொல்லக் கூடாது, முழு அல்பம் சொல்ல வேண்டும். கல்முனை அக்கா இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு 'ஹௌ டு நேம் இட்?' அல்பத்தை விட்டு இறங்கவே மாட்டார். சாய்ந்தமருது நானாவுக்கு நாகூர் ஹனிபா போதும். இளசுகள் கொரியப் பாட்டு. என் முறை வந்தபோது நான் சொன்னது மாமாவின் கசெட்: 1982 சித்திரையில், களுவாஞ்சிகுடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் களரியில் (கூத்தாடும் வட்ட இடம்) விடிய விடிய ஆடிய வடமோடிக் கூத்து, எங்கள் பக்கத்து ஆட்டமும் பாட்டுமான நாடகம். "அனுப்புங்க, கேப்பம்" என்றார்கள்.

அனுப்ப எனக்கு மூன்று கிழமை பிடித்தது. உங்களுக்கு ஒரு பின்னேரம் போதும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கசெட்டைப் பாருங்கள்

போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி இருந்தால் அது பூஞ்சணம். அதைப் பிளேயரில் போடாதீர்கள். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற ஊர் இது, மாரி மழைக்கு அலுமாரிக்குள் சட்டையே நாறும், கசெட் எம்மாத்திரம். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தட்டையும் உடைத்துவிடுங்கள். மறந்துபோய் ரெக்கோட் பட்டனை அமத்தினாலும் அழியாது. பிறகு ஒரு தடவை முழுக்க முன்னே ஓட்டி, திரும்பப் பின்னே ஓட்டி விடுங்கள். பல வருடம் அசையாமல் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

2. பிளேயர்

யூஎஸ்பி வயரோடு வரும் சின்னக் கசெட் பிளேயர்களை வாங்காதீர்கள். நான் ஒன்று வாங்கினேன். மோட்டர் சீராக ஓடாது, கூத்தைப் பழக்கி முன்நின்று பாடும் அண்ணாவியார் நீட்டிப் பாடும் இடமெல்லாம் குரல் நெளியும். வீட்டிலோ உறவுக்காரர் வீட்டிலோ பழைய கசெட் டெக் ஒன்று தூசியோடு கிடக்கும், பின்னால் 'லைன் அவுட்' என்று இரண்டு ஓட்டை இருந்தால் அதுதான் உங்கள் ஆள். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரப்பைல் அல்ககோல் தொட்டு, நாடா உரசிப் போகும் ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சில் மண்ணிறம் வருவது நிற்கும் வரைக்கும் துடைக்க வேண்டும்.

3. வயர் (இங்கேதான் நான் விழுந்தேன்)

லெப்டொப்பின் பக்கவாட்டில் ஹெட்செட் படம் போட்ட ஒரே ஓட்டை இருக்கும். டெக்கிலிருந்து வயரை எடுத்து அதில் குத்தினேன். சத்தம் வந்தது. சந்தோஷமாக ஒரு பக்கம் முழுவதும் பதிந்து மாமாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டார். பிறகு கேட்டார்: "சலங்கை எங்க மருமகன்?"

இல்லை. பாட்டு இருக்கிறது, மத்தளம் அரைகுறையாக இருக்கிறது, சலங்கை மட்டும் இல்லை. கூத்தர் துள்ளி வரும் வரவு ஆட்டத்தில் குரல் நின்று காலும் மத்தளமும் மட்டும் பேசும் இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் தண்ணீருக்குள் யாரோ கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். கசெட் நாற்பது வருடத்தில் தேய்ந்துபோய்விட்டது என்று நினைத்தேன். மாமா நம்பவில்லை. தன் பழைய ரேடியோவில் அதே கசெட்டைப் போட்டார். சல் சல் என்று கேட்டது.

விஷயம் இதுதான். அந்த ஓட்டையில் சத்தம் உள்ளே போகும் வழி ஹெட்செட் மைக்குக்கானது, பாட்டுக்கானதல்ல. இடதும் வலதும் அதற்குள் போனால் ஒரே சத்தமாகத்தான் வரும். அதைவிடப் பெரிய வில்லன், மைக்கிலிருந்து வரும் சத்தத்தைச் 'சுத்தம்' செய்ய விண்டோஸோடு சேர்த்துப் போட்டிருக்கும் வேலை. மனிதன் பேசுவது மட்டும்தான் அதற்குச் சத்தம், மிச்சமெல்லாம் இரைச்சல். மின்விசிறிக் காற்றை வெட்டுகிற மாதிரியே சலங்கையையும் வெட்டிவிட்டது. கூத்தைப் பதிந்த மாமாவின் ரேடியோவில் இருந்தது ஒரே மைக், ஆகவே ஸ்டீரியோ போனது எனக்குப் பெரிய நட்டமில்லை. உங்கள் கையில் இருப்பது ஸ்டீரியோ அல்பம் என்றால் இரண்டும் போகும்.

செய்ய வேண்டியது: 'லைன் இன்' (டெக்கின் 'லைன் அவுட்' சத்தத்தை வாங்கும் ஓட்டை) உள்ள யூஎஸ்பி ஓடியோ பெட்டி ஒன்று வாங்குங்கள். நான் பாவிப்பது பெரிங்கர் யூசிஏ202. சிவப்பு வெள்ளை வயரை நேராகக் குத்தலாம். விரல் அளவு இருக்கும் மலிவுச் சாமான்களில் பெரும்பாலும் இருப்பது அதே மைக் ஓட்டைதான், ஏமாறாதீர்கள். பிறகு விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், 'இன்புட்' பகுதியில் உங்கள் பெட்டியைத் தொட்டு, 'ஓடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை 'ஓஃப்' ஆக்குங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

4. ஹெட்டின் சாய்வு

சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாக இருந்தால் மட்டும் இது. ஹெட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்குரூ ஒன்று இருக்கும். முதலில் அது நிற்கும் இடத்தை பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இங்கும் அங்கும் திருப்பினால், ஓர் இடத்தில் சட்டென்று திரை விலகும். எனக்கு அளவுகோல் சலங்கைதான். காந்தம் உள்ள ஸ்குரூ டிரைவர் வேண்டாம்.

5. பதிவு

லெப்டொப்பில் சத்தம் பதியும் ஒடாசிற்றி என்ற மென்பொருள் இலவசம், அது போதும். 44100 ஹேர்ட்ஸ், ஸ்டீரியோ. சத்த அளவை வைக்கும்போது பாட்டைக் கேட்டு வைக்காதீர்கள், மத்தளத்தைக் கேட்டு வையுங்கள். வட்டக்களரியில் ஆடுகிறவர் சுற்றிச் சுற்றி வருவார், மைக் பக்கம் வந்ததும் சத்தம் எகிறும். அந்த உச்சம் மைனஸ் 6 டெசிபல் அளவில் நிற்கட்டும். மேலே முட்டி உடைந்த சத்தத்தைப் பிறகு ஒட்ட முடியாது.

லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதியுங்கள். 'ம்ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல் பெரும்பாலும் குறையும். சீ-60 கசெட் பக்கத்துக்கு 30 நிமிடம், சீ-90 என்றால் 45. வேவ் கோப்பாக 30 நிமிடம் 300 எம்.பி.க்குச் சற்று மேல் வரும். அசலை ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு) ஆக வைத்துக்கொள்ளுங்கள், அனுப்ப எம்பி3.

இரைச்சல் நீக்கும் கருவியைத் தொட வேண்டாம் என்பது என் கட்சி. சலங்கையைத் தின்றதும் அந்த வகைக் கருவிதானே! போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து வொய்ஸ் நோட்டாக அனுப்புவதும் வேண்டாம். அதுவும் பேச்சுக்காகச் செய்தது.

6. அனுப்புவது

கடையில் வாங்கிய அல்பம் என்றால் எங்கள் குழுவில் பெயரை மட்டும் சொல்வோம், கோப்பு அனுப்புவதில்லை. வீட்டுப் பதிவு என்றால், பதிந்தவரும் பாடியவர்களின் வீட்டாரும் சரி என்றால் அனுப்பலாம். நான் அண்ணாவியாரின் மகனிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினேன். ஒரு பக்கத்தை ஒரே கோப்பாக விடுங்கள், பாட்டுப் பாட்டாக வெட்டாதீர்கள். இடையில் ஒரு குழந்தை அழும், யாரோ "தேத்தண்ணி" என்று கூப்பிடுவார்கள். குழுவில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தத் தேத்தண்ணி இடத்தைத்தான்.

பிறகு சேர்த்தது

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டார்: நாடா ஓடுகிறது, சத்தம் வந்து வந்து போகிறது. கசெட்டின் திறந்த பக்கத்தில், நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது விழுந்திருக்கும். ஸ்குரூ போட்ட வேறொரு கசெட்டைக் கழற்றி, நாடாவை அந்தக் கூட்டுக்குள் மாற்றினால் சரி. அவருக்கும் சரிவந்தது.

இன்னொன்று: விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மூன்றாம் படியில் ஓஃப் ஆக்கியது எனக்குத் தானாகவே திரும்ப ஓன் ஆகியிருந்தது. பதிவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் போய்ப் பாருங்கள்.

மாமாவிடம் அந்தக் கூத்து ஆறு கசெட்டில் இருக்கிறது. மூன்று முடிந்தது. நாலாவதில் பூஞ்சணம். "மறுகா பாப்பம்" என்று எடுத்து வைத்துவிட்டார், நானும் இன்னும் கை வைக்கவில்லை.