தட்டினால் தாமதமாக ஒலித்த பீட்

தாராவியில் எங்கள் தெருப் பையன்கள் ராப் பாட, பீட் போடுவது என் வேலை. எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசையமைக்கும் மென்பொருளை எடுத்தேன். கட்டங்களை அழுத்தினாலே தாளம் அமைந்துவிடும். சோதனைப் பதிப்பு இலவசம், சேமித்ததை மறுபடி திறக்கத்தான் காசு.

லேப்டாப்பில் இணைத்து வாசிக்கும் மிடி கீபோர்டில் தட்டினால் மட்டும் ஒலி பிந்தி வந்தது. “லேப்டாப்பை மாத்துண்ணே” என்றான் தம்பி. காசுக்கு எங்கே போவது?

முதலில் புளூடூத் ஹெட்போனை விட்டுவிட்டு ஒயர் வைத்ததை மாட்டினேன். பெரும்பகுதித் தாமதம் அங்கேயே போனது. அப்புறம் ஆடியோ அமைப்பில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பஃபரை, அதாவது ஒலியை வெளியே அனுப்புமுன் லேப்டாப் சேர்த்துவைக்கும் அளவை, 2048 சாம்பிளிலிருந்து (சாம்பிள் என்றால் ஒலியின் சிறு துணுக்கு) 256-க்கு இறக்கினேன். 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 சாம்பிளில், 2048 என்றால் சுமார் 46 மில்லிசெகண்ட். 256 என்றால் 6-க்கும் சற்றுக் குறைவுதான். 128-இல் கரகரத்தது, சரி, 256 போதும். மிக்ஸ் செய்யும்போது தாமதம் பொருட்டில்லை, அப்போது மட்டும் பஃபரை ஏற்றிக்கொள்கிறேன்.